பம்ப்செட்டா, மோட்டாரா? கம்பெனி வெப்சைட்டை நானே திருப்பி எழுதியபோது

2018 ஆகஸ்டில் ஒரு மத்தியானம் உடுமலைப்பேட்டை டீலர் ஒருவர் போன் செய்தார். "ஏனுங்க தம்பி, உங்க சைட்டைத் திறந்தா 'நாட் செக்யூர்'னு வருதே, வைரஸ் கிய்ரஸ் ஏதாச்சும் புகுந்துருச்சுங்களா?" என்றார். நான் பில்லிங்கில் இருப்பவன். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் தெரியும், எக்செல் தெரியும், வே-பில் போடத் தெரியும். கம்பெனி வெப்சைட்டுக்கும் எனக்கும் அதுவரை இருந்த ஒரே சம்பந்தம் வருஷத்துக்கு ஒருமுறை டொமைன் ரெனியூவல் பில்லை பாஸ் செய்வதுதான். ஆனால் போனை எடுத்தவன் நான். ஆகவே பிரச்சினையும் என் மேஜைக்கே வந்துவிட்டது.

வைரஸ் ஒன்றும் இல்லை. அந்த ஜூலையில் வந்த குரோம் பிரவுசரின் 68-ம் பதிப்பு, எச்டிடிபிஎஸ் (தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) இல்லாத எல்லாத் தளங்களுக்கும் முகவரிக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையைப் போட ஆரம்பித்திருந்தது. அதைச் சரி செய்யலாம் என்றுதான் சைட்டைத் திறந்தேன். திறந்த பிறகுதான் அது எங்கள் பிரச்சினைகளிலேயே சின்னது என்று தெரிந்தது.

கோவையில் பம்ப் செய்யும் எத்தனையோ கம்பெனிகளில் எங்களுடையதும் ஒன்று. சுமாரான அளவு, பெயர் இங்கே தேவையில்லை. பழைய தளம் 2007-ல் யாரோ ஃப்ரன்ட்பேஜ் என்ற பழைய சாஃப்ட்வேரில் செய்து கொடுத்தது. திறந்ததும் ஒரு ஃப்ளாஷ் அனிமேஷன் படம் ஓடுமாம். பம்பிலிருந்து தண்ணீர் கொட்டும், வயல் பச்சையாகும், கம்பெனி பெயர் சுழன்று வந்து நிற்கும், மூலையில் 'ஸ்கிப் இன்ட்ரோ'. நான் பார்த்தபோது கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது, போனில் அதுவும் இல்லை. அதைத் தாண்டினால் ஃப்ரேம்செட், அதாவது இடப்பக்கம் மெனு ஒரு ஃபைல், வலப்பக்கம் விவரம் இன்னொரு ஃபைல், இரண்டையும் ஒரே ஜன்னலில் ஒட்டி வைத்திருப்பார்கள். எந்த பம்பைத் திறந்தாலும் மேலே முகவரி மாறாது, அதனால் 'இந்த மாடலைப் பாருங்க' என்று ஒரு டீலருக்கு வாட்ஸப்பில் லிங்க் அனுப்ப வழியே இல்லை. பம்ப் விவரம் முழுக்க, அச்சடித்த கேட்லாக்கை ஸ்கேன் செய்து போட்ட படங்கள். தமிழ்ப் பக்கம் என்று ஒன்று இருந்தது. அதில் 'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி என்று இங்கிலீஷ் எழுத்துகள் வரிசையாக நின்றன. அந்தக் கதையைத் தனியாகச் சொல்கிறேன்.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். விலை ஆளுக்கு ஒன்று, ஆனால் ஒரு வரி மட்டும் மூன்றிலும் பொது: மேட்டர் நீங்கள் கொடுத்துவிட வேண்டும். முதலாளி அதைத்தான் பிடித்துக்கொண்டார். "மேட்டர் எழுதறதுதானப்பா வேலையே, அதை நாமளே எழுதிக் குடுத்தா அப்புறம் அவங்க என்னத்தைச் செய்யறாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் என்னைப் பார்த்தார். அவர் கேட்டதில் பாதி நியாயம், பாதி கஞ்சத்தனம். ஆறு மாதம் டைம் கேட்டேன், ஜனவரியில் பொங்கலுக்கு முன்னால் முடித்துவிடு என்றார்.

முதல் பத்து நாள்

காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம், ராத்திரி வீட்டில் ஒரு மணி நேரம். வெப்சைட் எழுதக் கற்றுத்தரும் டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்தில் தொடங்கினேன். அங்கே இடப்பக்கம் எழுதினால் வலப்பக்கம் உடனே தெரியும், அதனால் ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு வந்தது. தலைப்பு, பேரா, படம், லிங்க், லிஸ்ட், எல்லாவற்றுக்கும் டேக், அதாவது எது என்ன என்று பிரவுசருக்குச் சொல்லும் குறி, போடத் தெரிந்தது. ஆனால் வெற்று ஃபைல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் மோனோபிளாக் பம்ப் பக்கத்தை எழுது என்றால் கை ஓடவில்லை. கணியம் தளத்தில் எச்டிஎம்எல் (பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதும் மொழி), சிஎஸ்எஸ் (அது எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதும் மொழி) பற்றித் தமிழிலேயே இலவச மின்னூல்கள் இருக்கின்றன, அவற்றையும் படித்தேன். புரியாதது எதுவும் இல்லை. புரிவது வேறு, செய்ய வருவது வேறு, சைக்கிள் மாதிரிதான்.

பாடத்தை மூடிவிட்டு எங்கள் பழைய பக்கம் ஒன்றின் சோர்ஸை, அதாவது அதன் பின்னால் எழுதியிருக்கும் டேக் வரிகளை, திறந்து, வரி வரியாக இது எதற்கு, இது எதற்கு என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. ஒரு டேபிளுக்குள் ஒரு டேபிள், அதற்குள் இன்னொன்று என்று ஏழு அடுக்கு இருந்தது. நடுநடுவே கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளிப் படத்தை இழுத்து நீட்டி இடைவெளிக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். எழுதியவரைத் திட்டத்தான் தோன்றியது, அப்புறம் படிக்கப் படிக்க நியாயம் தெரிந்தது. சிஎஸ்எஸ் முதல் பதிப்பு 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டது, ஆனால் அதை ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்ட காலம் ரொம்ப வருஷம் நீடித்தது. ஆகவே பக்கத்தை அமைக்க எல்லாரும் டேபிளையே சாரமாகக் கட்டினார்கள், அப்புறம் சாரத்தைப் பிரிக்காமலே குடியும் போய்விட்டார்கள்.

எனக்கு இந்த வேலை பிடிபட்ட இடம் கொஞ்சம் விசித்திரமானது, டேலி. டேலியில் புதிதாக ஒரு லெட்ஜர் திறந்தால் அது எந்த குரூப்புக்குக் கீழே வரும் என்று முதலில் கேட்கும். சன்ட்ரி டெட்டார்ஸா, இன்டைரக்ட் எக்ஸ்பென்ஸா என்று அங்கே சரியாகச் சொல்லிவிட்டால் பேலன்ஸ் ஷீட் தானாக அமையும். அவசரத்தில் தப்பான குரூப்பில் போட்டுவிட்டால், தொகை சரியாக இருந்தாலும் மார்ச் மாதம் ஆடிட்டர் வரும்போது தலைவலி. எச்டிஎம்எல் கேட்பதும் அதே கேள்விதான். இது தலைப்பா, பட்டியலா, அட்டவணையா, வெறும் பேராவா? பழைய தளத்தில் மாடல் பெயரை ஃபான்ட் டேக் போட்டு சைஸ் 5, சிவப்பு என்று எழுதியிருந்தார்கள். பார்வைக்குத் தலைப்பு மாதிரி இருக்கும், கூகுளுக்கும் கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடருக்கும் அது சும்மா ஒரு வார்த்தை. சிவப்பு, பெரிசு எல்லாம் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும், நீ குரூப்பை மட்டும் சொல்லு. இது புரிந்த அன்றைக்கு ராத்திரி ஒரே மூச்சில் மூன்று பக்கம் எழுதினேன்.

மூன்றையும் மறுநாளே இழந்தேன். எழுதியது விண்டோஸ் நோட்பேடில். அந்த நாள் நோட்பேட், ஃபைலை ஆன்சி என்ற பழைய முறையில்தான் சேமிக்கும், தமிழ் இருந்தால் 'எழுத்துகள் போய்விடும், பரவாயில்லையா' என்று ஒரு பெட்டி காட்டும். ஆபீசில் வருகிற எல்லாப் பெட்டிக்கும் ஓகே அழுத்திப் பழகிய விரல், அதற்கும் அழுத்திவிட்டது. காலையில் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. மூன்று பக்கமும் கேள்விக்குறி. கூட இருந்த பர்ச்சேஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, பம்பைப் பத்திக் கஸ்டமருக்கு வர்ற சந்தேகமா?" என்றார். அன்றைக்கு நோட்பேட்++ என்ற இலவச எடிட்டரை இறக்கினேன், தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமி என்று செட் செய்தேன். (2019-ல் வந்த விண்டோஸ் அப்டேட்டில் நோட்பேடும் யுடிஎஃப்-8-க்கு மாறிவிட்டது, எனக்குத்தான் கொஞ்சம் லேட்.)

அதோடு முடியவில்லை. ஃபைலைச் சரியாகச் சேமித்தாலும், இது யுடிஎஃப்-8 என்று பக்கத்தின் தலையில் ஒரு மெட்டா வரி சொல்ல வேண்டும். சொல்லாமல் சர்வரில் ஏற்றியபோது தமிழ் முழுக்க ஒரே மாதிரி குப்பையாக வந்தது: தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் ஏதோ ஒரு குறி, திரும்பவும் கோடு போட்ட ஏ. ஏன் ஒரே மாதிரி என்று தேடியபோது கிடைத்த விடை எனக்குப் பிடித்திருந்தது. யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் (கொக்கி, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) மூன்று பைட், எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றேதான், இரண்டாவது பைட்டிலும் இரண்டே வகை. பிரவுசர் அதைப் பழைய ஐரோப்பிய எழுத்தாக நினைத்து வாசித்தால் அந்த முதல் பைட்தான் கோடு போட்ட ஏ. இப்போது எந்தத் தளத்திலாவது அந்த ஏ வரிசையைப் பார்த்தால், வாசிக்க முடியாவிட்டாலும், ஓ இது தமிழோ இந்தியோ, நம் பக்கத்து எழுத்து ஏதோ ஒன்று என்று தெரிந்துவிடுகிறது.

நான்காவது பெட்டி

பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியாகக் கணக்கிடும் பாக்ஸ் மாடல் பற்றி எல்லாப் பாடத்திலும் ஒரு படம் இருக்கும், நானும் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போனவன்தான். முகப்பில் நான்கு வகை பம்புக்கு நான்கு பெட்டி, ஒவ்வொன்றும் 25 சதவீத அகலம், கூட்டினால் நூறு. கணக்குப் பிள்ளைக்கு இதில் என்ன சந்தேகம்? ஆனால் நான்காவது பெட்டி கீழே விழுந்தது. 24 என்று குறைத்தேன், அப்போதும் விழுந்தது, 22 போட்டால் நின்றது, போனில் பார்த்தால் திரும்ப விழுந்தது. இரண்டு நாள் இப்படி. விஷயம் என்னவென்றால் நான் சொன்ன 25, உள்ளே இருக்கும் சரக்கின் அகலம் மட்டும். சரக்கைச் சுற்றிக் கொடுத்த பேடிங்கும் (உள் இடைவெளி) பார்டரும் (ஓரக்கோடு) அதற்கு மேல் கூடுதல். பில்லில் ரேட் போட்டுவிட்டு ஜிஎஸ்டியைத் தனியாகச் சேர்ப்பது மாதிரி. பாக்ஸ்-சைசிங் என்ற ஒரு வரியில் பார்டர்-பாக்ஸ் என்று எழுதினால் 'இன்க்ளூசிவ் ஆஃப் ஆல் டேக்சஸ்' ஆகிவிடுகிறது. இப்போது எந்த ஃபைலைத் தொடங்கினாலும் முதல் வரி அதுதான்.

போனில் பக்கம் முழுவதும் எறும்பு சைசில் தெரிந்ததற்கும் மருந்து ஒரே வரிதான். வியூபோர்ட் மெட்டா வரி இல்லாவிட்டால் போன், தன்னை ஒரு கம்ப்யூட்டர் திரை அளவுக்கு நினைத்துக்கொண்டு பக்கத்தை வரைந்து அப்புறம் சுருக்கிக் காட்டுகிறது. 2007-ல் ஐபோன் வந்தபோது ஆப்பிள் கொண்டுவந்த ஏற்பாடு அது, அப்போது இருந்த தளங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்கென்று எழுதப்பட்டவை, வேறு வழியில்லை. எங்கள் பழைய தளமும் அதே வருஷத்தது என்பதைக் கவனித்தேன்.

அட்டவணை

லேஅவுட்டுக்கு டேபிள் கூடாது என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்கு டேபிள் என்றாலே ஒரு பயம் வந்துவிட்டிருந்தது. பம்ப் விவரத்தை எல்லாம் டிவ் என்ற வெறும் பெட்டி டேக்குகளாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, பம்ப் பெர்ஃபாமன்ஸ் சார்ட் என்பது நிஜமான அட்டவணை, உலகத்தில் டேபிள் டேக் எதற்குப் பிறந்ததோ அதற்கே உரியது.

பம்ப் வாங்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேல் வரிசையில் ஹெட் இருக்கும், அதாவது எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும் என்பது. அதற்குக் கீழே ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வரி, அந்த உயரத்தில் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்று. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறையும். டீலர் பார்ப்பது இப்படித்தான்: கஸ்டமரின் போர்வெல்லில் தண்ணீர் 180 அடியில் நிற்கிறது, மேலே டேங்க் 30 அடி, பைப் உரசலுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு அந்த ஹெட்டைக் கண்டுபிடித்து, விரலை நேராகக் கீழே இறக்கி, எந்த மாடலில் போதுமான லிட்டர் இருக்கிறது என்று பார்ப்பார். விரல் கீழேயும் போகவேண்டும், இடமிருந்து வலமாகவும் போகவேண்டும்.

இதைப் போனில் எப்படிக் காட்டுவது என்று தேடினால் எல்லாரும் சொல்கிற வித்தை ஒன்று இருக்கிறது: சின்னத் திரையில் ஒவ்வொரு வரியையும் உடைத்துத் தனித்தனி அட்டையாக ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குவது. செய்தேன், பார்க்க அழகாக இருந்தது, பெருமையாகக் கொண்டுபோய் டெஸ்பாட்சில் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். அவர் முப்பது வருஷமாக கேட்லாக் பார்ப்பவர். போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல எதுக்கு எது பக்கத்துலன்னே தெரியலயே சாமி, ஒரு மாடல் பாத்துட்டு அடுத்ததுக்குப் போறதுக்குள்ள முன்னது மறந்துருது." அதற்கு மேல் விவாதிக்க ஒன்றும் இல்லை. அட்டவணையை உடைத்தால் ஒப்பிட முடியாது, ஒப்பிடத்தான் அட்டவணை.

கடைசியில் டேபிளை டேபிளாகவே விட்டுவிட்டு, அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, பெட்டிக்குள் மட்டும் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும்படி செய்தேன். மாடல் பெயர் இருக்கும் முதல் பத்தி (நெடுவரிசை) மட்டும் நகராமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு பத்தி தள்ளியதும் எந்த மாடல் என்று தெரியாது. சிஎஸ்எஸ்-ல் பொசிஷன் ஸ்டிக்கி என்று ஒன்று இருக்கிறது, அதற்கென்றே செய்தது போல. போட்டேன், பத்தி நின்றது, ஆனால் அதன் கோடுகள் மட்டும் கழன்று மற்ற பத்திகளோடு ஓடிவிட்டன. ஆணியடித்த பலகையின் சட்டம் மட்டும் நடந்து போவதைப் பார்ப்பது மாதிரி இருந்தது. காரணம், கட்டங்களின் கோடுகள் பொதுவாகப் பகிரப்படும் 'கொலாப்ஸ்' முறையில் கோடு கட்டத்துக்குச் சொந்தமில்லை, டேபிளுக்குச் சொந்தம். 'செபரேட்' என்று மாற்றி, இடைவெளி பூஜ்ஜியம் கொடுத்து, ஒரு பக்கத்துக் கோட்டை மட்டும் போட்டதும் அடங்கியது. பின்னணி நிறம் வைக்கவும் மறந்திருந்தேன், மற்ற எண்கள் மாடல் பெயருக்கு அடியில் நுழைந்து பேய் மாதிரித் தெரிந்தன.

ஹெட் வரிசையில் மீட்டரோடு அடியையும் சேர்த்தது இந்தச் சமயத்தில்தான். கேட்லாக்கில் மீட்டர் மட்டும்தான். கடையில் யாரும் மீட்டரில் பேசுவதில்லை, போர்வெல் ஆழம் என்றால் அடிதான். 3.28-ஆல் பெருக்கி இன்னொரு தலைப்பு வரிசை, அவ்வளவுதான். மூன்று கொட்டேஷனில் ஒருவருக்குக்கூட இது தோன்றியிருக்காது என்பது என் அபிப்பிராயம், அவர்கள் தப்பும் இல்லை, அவர்களிடம் யாரும் 'எத்தனை அடிங்க' என்று கேட்டதில்லை.

ஜே கே பி ஓ அரைப்புள்ளி

தமிழ்ப் பக்கத்துக்கு வருவோம். 2007-ல் அதை ஒரு டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாமினியைப் பொறுத்தவரை தமிழ் என்பது ஒரு முகமூடி, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். கீபோர்டில் ஜே இருக்கும் இடத்தில் 'த' வரைந்திருக்கும், கே-யில் 'ம', பி-யில் இகரக் கொக்கி, ஓ-வில் 'ழ', அரைப்புள்ளியில் மெய்ப்புள்ளி. அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் 'தமிழ்' தெரியும், இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும். தமிழ்நாடு அரசு 2010-லேயே, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. எங்கள் சைட் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறது.

மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் உண்டு, ஒட்டினால் ஒரு நொடியில் யூனிகோட். நானும் ஒட்டினேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். முதல் கோளாறு உடனே தெரிந்தது: நடுவில் உண்மையான ஆங்கிலத்தில் இருந்த எச்பி (குதிரைத்திறன்), மாடல் நம்பர் எல்லாவற்றையும் அது தமிழ் என்று நினைத்து மாற்றிவிட்டது, எச்பி இருந்த இடத்தில் ஒரு மெய்யெழுத்தும் கொக்கியுமாக ஏதோ ஒன்று. அது கண்ணில் பட்டது, திருத்தினேன்.

கண்ணில் படாததுதான் ஆளைக் கொன்றது. புதுப் பக்கத்தில் 'மோட்டார்' என்று தேடிப் பார்த்தேன், கன்ட்ரோல் எஃப். ஒன்றும் இல்லை என்றது. பக்கத்தில் பத்து இடத்தில் மோட்டார் இருக்கிறது, என் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. பிரவுசர் இல்லை என்கிறது. எழுத்தை ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தபோது பிடிபட்டது: கடைசியில் இருந்தது 'ர்' இல்லை. துணைக்கால், அதன் தலையில் ஒரு புள்ளி. 'மோட்டாா்'. பழைய டைப்பிஸ்டுகளுக்குத் துணைக்காலும் புள்ளியும் போட்டால் அச்சில் 'ர்' மாதிரியே வந்துவிடும், அதையே பழக்கமாக்கிவிட்டார்கள். காகிதத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. யூனிகோடில் அது வேறு எழுத்து, ஆகவே வேறு சொல், கூகுளுக்கு அப்படி ஒரு பொருளே உலகத்தில் கிடையாது. இப்போதும் பெரிய பெரிய தமிழ்த் தளங்களில் இந்தப் போலி 'ர்' உலவுகிறது, நீங்களே தேடிப் பார்க்கலாம். நோட்பேட்++-ல் துணைக்கால் புள்ளியைத் தேடி ரகர மெய்யாக மாற்றச் சொன்னேன், எல்லா ஃபைலிலும் சேர்த்து நானூறுக்கு மேல் மாற்றியதாகக் கணக்குக் காட்டியது.

சிஎஸ்எஸ்-லும் தமிழுக்கென்று சில சமாச்சாரங்கள் உண்டு, எந்த ஆங்கிலப் பாடத்திலும் வராதவை. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி நமக்குப் போதாது, மேல் வரியின் 'கு', 'மு' வால்கள் கீழ் வரியின் கொம்பு, புள்ளிகளில் போய் முட்டும், நான் 1.7 வைத்தேன். சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம், தமிழ் எழுத்துருவில் பெரும்பாலும் சாய்வு கிடையாது, பிரவுசர் இருக்கும் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும், பார்க்கச் சகிக்காது. அப்புறம் நம் சொற்களின் நீளம். 'நீர்மூழ்கிமோட்டார்களுக்கான' என்று யாராவது சேர்த்து எழுதிவிட்டால் சின்னப் போனில் அது திரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பக்கமே பக்கவாட்டில் ஆடும். ஓவர்ஃப்ளோ-ராப் போட்டு உடைக்கலாம். நான் சொல்லைப் பிரித்து எழுதினேன்.

கிணத்து மோட்டார்

அந்த 'மோட்டார்' தேடல் இன்னொரு பூதத்தைக் கிளப்பியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எச்-1 தலைப்பு வேண்டும், பக்கம் எதைப் பற்றியது என்று ஒரே வரியில். கேட்லாக்கைப் பார்த்து 'ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் பம்ப்செட்' என்று வைத்தேன், திறந்த கிணற்றுத் தண்ணீரில் மூழ்கி ஓடுவது. இன்ஜினியரிங் ஆட்களுக்கு அதுதான் சரி, ஐஎஸ்ஐ சான்றிதழிலும் பம்ப்செட்தான். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு ஊரில் தோட்டம் உண்டு. அவரிடம் போனைக் கொடுத்து, உங்க தோட்டத்துக் கிணத்துக்கு எது சரிவரும் என்று இதில் தேடி எடுங்கள் என்றேன். ஐந்து நிமிஷம் பார்த்தார். "இதுல மோட்டார் எங்க சாமி இருக்குது? எல்லாம் பம்பாவே இருக்குது" என்றார்.

உண்மைதானே. யாரும் 'பம்ப்செட் போட்டு விடு' என்று வீட்டில் சொல்வதில்லை, 'மோட்டார் போடு' என்றுதான் சொல்கிறோம். நாற்பது வருஷமாக பம்ப் செய்கிற கம்பெனியில் முதலாளி தொட்டு லோடுமேன் வரை சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மோட்டார்தான் போடுகிறார்கள், ஆபீசுக்குள் வந்தால்தான் அது பம்ப்செட்.

இதை மீட்டிங்கில் சொன்னபோது டிசைன் மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. மோட்டார் வேறு, பம்ப் வேறு, மோட்டார் சுற்றும், பம்ப் தண்ணீர் தள்ளும், இரண்டையும் சேர்த்தால்தான் பம்ப்செட், கம்பெனி சைட்டிலேயே தப்பாகப் போடலாமா என்றார். சொன்னது அத்தனையும் சரி. அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு சமரசம்: மெனுவிலும் எச்-1 தலைப்பிலும் 'கிணத்து மோட்டார்', 'போர்வெல் மோட்டார்', 'வீட்டு மோட்டார்', அதற்கடியில் எச்-2 துணைத் தலைப்பில் முறைப்படியான பெயர். அட்டவணைத் தலைப்பில் முழுக்க இன்ஜினியரிங் சொல். 'கிணற்று' என்று திருத்த வேண்டும் என்று ஒருவர் சொன்னார். விட்டுவிட்டோம்.

இந்த வாக்குவாதம் முன்னால் இருந்த தளத்துக்கு வந்திருக்கவே வாய்ப்பில்லை. படமாக ஒட்டிய கேட்லாக்கில் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. நான்கு மாதத்தில் டேக் படிக்க ஆன நேரத்தைக் கூட்டினால் மூன்று வாரம் இருக்கும், மிச்சமெல்லாம் இந்த மாதிரிப் பஞ்சாயத்துகள்தான்.

மிச்சம் மீதி

ஏற்றிய அன்றைக்குப் பாதிப் படங்கள் வரவில்லை. விண்டோஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, லினக்ஸ் சர்வருக்கு உண்டு. கேமராவிலிருந்து வந்த படங்கள் எல்லாம் பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று முடிந்திருந்தன. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக மாற்ற ஒரு சாயங்காலம். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் ஹோஸ்டிங் பேனலிலேயே இலவசமாக இருந்தது, ஒரு பட்டன்தான், ஆனால் பக்கங்களுக்குள் பழைய எச்டிடிபி முகவரியில் படங்களை அழைத்திருந்ததால் பூட்டு அடையாளம் வர மறுத்தது, அதையும் தேடித் திருத்தினேன். முதலாளி கம்ப்யூட்டரில் மட்டும் பழைய நிறம் தெரிந்து கொண்டே இருந்தது, கேஷ், அதாவது பிரவுசர் முன்பே சேமித்து வைத்த பழைய காப்பி. கன்ட்ரோல் எஃப்5 அழுத்துங்கள் என்று எத்தனை முறை சொல்வது, சிஎஸ்எஸ் ஃபைல் பெயருக்குப் பின்னால் பதிப்பு எண் ஒன்றைச் சேர்க்கப் பழகிக்கொண்டேன்.

மெனு ஒரு தனிக் கொடுமை. 24 பக்கம், 24-லும் அதே மெனு. ஒரு சொல்லை மாற்றினால் 24 ஃபைல். 'கிணத்து' சண்டையின்போது மெனு மூன்று முறை மாறியது, அப்போதுதான் சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் இன்க்லூட் என்ற ஒரே ஒரு வரி கற்றுக்கொண்டேன், மெனு தனி ஃபைலுக்குப் போனது. பழைய ஃப்ரேம்செட் செய்ததும் இதைத்தானே, மெனுவைத் தனியாக வைத்ததுதானே என்று நினைத்தபோது 2007 ஆளின் மேல் இருந்த மிச்சக் கோபமும் போய்விட்டது.

டேக் எழுதாமலே தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேரைப் போட்டிருக்கலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். போட்டிருக்கலாம். எங்களுக்கு வருஷத்தில் நாலைந்து முறைதான் எதுவும் மாறும், வாராவாரம் அப்டேட் கேட்கிற ஒன்றைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. தினமும் செய்தி போடும் இடத்தில் இருப்பவர்கள் என் வழியில் வராதீர்கள்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஸ்லைடர். முகப்பில் படங்கள் தானாக நகர வேண்டும் என்று ஆசைப்பட்டு, எச்டிஎம்எல் முழுசாக வருவதற்குள் ஜாவாஸ்கிரிப்டில் கை வைத்து மூன்று வாரம் போனது. ஓடியது, டெஸ்பாட்ச் அண்ணன் வந்து "படிக்கறதுக்குள்ள ஓடிப் போயிருது" என்றார், எடுத்துவிட்டேன். பெட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2017-ல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது, அருமையான வசதி. அதை நம்பி முகப்பைக் கட்டி முடித்த பிறகு, எங்கள் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனிலேயே இரண்டு கம்ப்யூட்டரில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஓடுவது தெரிந்தது. அங்கே பெட்டிகள் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசையில் நின்றன. படிக்க முடிந்தது, அதனால் அப்படியே விட்டேன்.

ஜனவரி 10-ம் தேதி தளம் வெளியானது. உடுமலை டீலருக்கு முதல் லிங்க் அனுப்பினேன், முகப்புக்கு இல்லை, நேராக போர்வெல் மோட்டார் அட்டவணைக்கு. "அடியில போட்டுட்டீங்க, தேவலை" என்று பதில் வந்தது, அதற்கு அடுத்த வரியில் இரண்டு மோட்டாருக்கு ஆர்டரும்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் உயிரே இல்லை, பழையதில் மேலே 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' என்று ஓடுமே, அது எங்கே என்றார். எழுத்தை ஓடவிடும் மார்க்கீ டேக். எச்டிஎம்எல்5-ல் கைவிடப்பட்டது, யாரும் பயன்படுத்தக் கூடாது என்று நான் படித்த எல்லாப் பாடத்திலும் எழுதியிருந்தது. இதை அவரிடம் விளக்க ஆரம்பித்தேன், "அப்ப ஓடாதா?" என்று கேட்டார். எல்லாப் பிரவுசரிலும் இன்னும் ஓடத்தான் செய்கிறது. சேர்த்தேன், மாட்டுப் பொங்கல் வரை ஓடியது.